கார்டியன் இடத்தில் நான் எழுதிய பெயர்

மகளிரியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். துறைக்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு பெயர்ப்பலகை, உட்கார நல்ல நாற்காலி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் படிப்புக்குப் பெயரே கிடையாது. பெயர் தெரியாமலேயே செய்து பார்த்தோம், தப்பும் செய்தோம். உங்கள் துறைத் தலைவி என்னைக் கூப்பிட்டு, "புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார். சாதனைகளைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். அவற்றையெல்லாம் என் பணி ஓய்வு விழாவில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அதில் பாதி நடக்கவே இல்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அது முழுக்க நடந்தது.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் லேசில் வராது. இது ஏன் இப்படி இருக்கிறது என்கிற கேள்விதான் முதலில் வரும். அப்போது ஆத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய்வருவேன். கையில் சில்லறையை நீட்டிக்கொண்டு நான் நிற்பேன். கண்டக்டர் என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு நிற்கும் முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், "அம்மாவுக்கும் சேத்தா?" என்று கேட்பார். அந்த மனிதர் பதறிப்போய், "ஐயய்யோ, எனக்கு மட்டுந்தான்" என்பார். முத்தையாபுரம் வருவதற்குள் இது இரண்டு தடவையாவது நடக்கும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரித்துவிட்டு நோட்டில் குறித்து வைப்பேன்.

எழுபதுகளின் நடுவில் மகளிர் ஆண்டு என்று அறிவித்தார்கள். எங்கள் பெண்கள் கல்லூரியிலும் அதைக் கொண்டாடினோம், கோலப் போட்டியும் சமையல் போட்டியும் வைத்து. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி, பெண்கள் நாட்டின் கண்கள் என்று நாற்பது நிமிடம் பேசினார். பேசித் தொண்டை வறண்டுபோய், மேடையில் இருந்த ஓர் அம்மாவைப் பார்த்து, "ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க" என்றார். அந்த அம்மா எங்கள் இயற்பியல் துறைத் தலைவர். அவரும் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார். மேடையில் நான்கு ஆண்கள் இருந்தார்கள், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். அவரைக் கேட்க அதிகாரிக்கு ஏன் தோன்றவில்லை, இந்த அம்மா ஏன் எழுந்தார் என்று எனக்கு ஒரு வாரம் யோசனை.

அந்த யோசனையில் பிறந்ததுதான் அந்தப் பயிற்சி. கல்லூரியின் முதல் வருஷமான பி.யு.சி.யில் இரண்டு பிரிவு. 'ஏ' பிரிவுக்கு நான் பொருளாதாரம் எடுத்தேன். பிள்ளைகளிடம் சொன்னேன்: "ஒரு வாரம் காதைத் திறந்து வையுங்க. 'நீ பொம்பளப் பிள்ள' என்று சொல்லி யார் உங்களை என்ன செய்யச் சொன்னாலும், என்ன செய்யாதே என்று சொன்னாலும், வீட்டுக்குப் போய் அப்படியே எழுதுங்க. திட்ட வேண்டாம், அழ வேண்டாம். கேட்டதை மட்டும் எழுதுங்க."

எழுதித் தள்ளிவிட்டார்கள். ஒருத்தி, தாவணி போட்டால் இன்னும் சின்னப் பிள்ளையா என்கிறார்கள், சேலை கட்டினால் அதற்குள் என்ன அவசரம் என்கிறார்கள், எதைத்தான் உடுத்துவது என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருப்பவரின் மகள். லாட்ஜ் வரவேற்பு மேசையில் அவள் தனியாக இருந்தால், வருகிறவர்கள் எல்லாரும் "ஆளு இல்லியா?" என்று கேட்கிறார்களாம். நான் வாசிக்க வாசிக்கச் சிரித்தேன், சில இடங்களில் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

எல்லாவற்றிலும் சிறந்தது ரெஜினாவின் நோட்டு. கடற்கரைத் தெருப் பிள்ளை. அவள் அப்பா பாய்மரத் தோணியில் தண்டல். தோணியை நடத்துகிற தலைமை ஆள். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் கடல்மேல் இருப்பார். வீட்டில் அம்மாவும் அவளும்தான். அவள் இரண்டு விஷயம் எழுதியிருந்தாள். ஒன்று: "வலையை நாங்கள் பின்னலாம், தாண்டக் கூடாது. தாண்டினால் மீன் படாதாம். பின்னும்போது மடியில்தான் கிடக்கிறது. அது பரவாயில்லையாம்." இரண்டாவது: "சித்தப்பா வந்தால் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். அவர் போகிறவரை நிற்க வேண்டும். அது எங்கள் அப்பா வாங்கின நாற்காலி. சித்தப்பா அம்மாவைவிட ஆறு வயது சின்னவர்."

நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள முயன்றதைப் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டாள். மறுநாள் வகுப்பில் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தேன். பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் அந்த வகுப்பில் கடற்கரைத் தெருவிலிருந்து மட்டும் ஐந்து பேர் இருந்தார்கள். வாசித்துக்கொண்டே நிமிர்ந்தபோது ஐந்து பேரும் ரெஜினாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஹெட் கிளார்க் வகுப்பு வாசலுக்கு வந்தார். எங்கள் அலுவலகத்தை முப்பது வருஷமாகக் கட்டி மேய்த்த மனிதர், எல்லாருக்கும் அண்ணாச்சி. "டீச்சர், ஒங்க வகுப்புப் பிள்ளைக்கு டி.சி. கேட்டு ஆளு வந்திருக்கு. கார்டியன். முதல்வர் அம்மா ஒங்களைக் கூப்பிடுதாவ."

முதல்வர் அறையில் ரெஜினாவின் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். புதுத் துறைமுகத்தில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. ரெஜினா இரண்டு நாளாக வகுப்புக்கு வராதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசைமேல் மாற்றுச் சான்றிதழ் எழுதித் தயாராக இருந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. முதல்வர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் ரெஜினாவின் படிப்பு அன்றோடு சரி.

நான் பெண்கல்வியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். சிறப்பு விருந்தினர் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், நீங்க ஆத்தூரு. சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவிய. என்னைய இங்கன தெரு பூரா நாற்காலின்னு கூப்பிடுதானுவ. வேலை பாக்குற இடத்துல, 'ஏலே, நாற்காலி வந்தாச்சா'ன்னு கேக்கானுவ. நேத்துக் கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வாரேன், சின்னப் பயலுவ எந்திரிச்சு நிக்கானுவ, கேலிக்கு. எங்க ஊர்ல பட்டப்பேரு வந்தா செத்த பொறவுந்தான் போவும். எனக்கு ஒரு பேரு வாங்கிக் குடுத்திருக்கிய. நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அந்த மனிதர் பக்கமும் ஒரு வலி இருக்கும் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு நல்ல உதாரணம், அவ்வளவுதான்.

முதல்வர் அம்மா என்னை உட்காரச் சொன்னார். "காப்பாளர் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். விண்ணப்பத்தை எடுங்க, யார் காப்பாளர் என்று பார்ப்போம்" என்றார். அண்ணாச்சி எடுத்து நீட்டினார். 'கார்டியன்' என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயர் இருந்தது. எழுத்து என்னுடையது.

சேர்க்கை நாட்களில் விரிவுரையாளர்களும் மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தருவோம். அந்த வருஷம் ரெஜினாவின் அப்பா, மழைக்காலத்துக்குத் தோணியைக் கொச்சியில் ஒதுக்கிப் பழுது பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அம்மா பிலோமினாதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாத் தாள்களையும் ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். நான் அவரை நிமிர்ந்து பார்த்து என்ன கேட்டேன் தெரியுமா? "ஆம்பளைங்க யாரும் வரலியா?" மறுநாள் அவர் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பெயரை எழுதினேன், கொழுந்தன் கையெழுத்துப் போட்டார்.

பஸ் கண்டக்டரைக் குறித்து வைக்க நோட்டு வைத்திருந்தவள் நான். அந்த அறையில் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு அழுதிருந்தாலும் சான்றிதழில் கையெழுத்து விழுந்திருக்கும். என் சுபாவம் அன்று கைகொடுத்தது. நானே ஏன் அப்படிக் கேட்டேன்? யார் எனக்கு அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள்?

"அண்ணாச்சி, கார்டியன் ஆம்பளையாத்தான் இருக்கணும்னு எங்க போட்டிருக்கு?" என்றேன்.

"அது வழக்கம்லா டீச்சர்."

"வழக்கம் சரி. எங்க போட்டிருக்கு?"

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் அலுவலகத்தில் எழுத்தில் இல்லாத விதி ஒன்று இருக்கலாமா? பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளை எடுத்தார், கல்லூரி விதிப் புத்தகத்தை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்றுதான் எல்லா இடத்திலும் இருந்தது. "எல்லா விண்ணப்பத்துலயும் ஆம்பளதான் இருக்கு, அப்ப விதி இல்லாமலா இருக்கும்?" என்று சொல்லி அந்த வருஷத்து விண்ணப்பக் கட்டையே தூக்கிக்கொண்டு வந்து அவிழ்த்தார்.

பிரிக்கப் பிரிக்க வேடிக்கையாக இருந்தது. ஒரு பிள்ளைக்குக் காப்பாளர் அவள் தம்பி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். இன்னொருத்திக்குக் காப்பாளராக இருந்தவர் விண்ணப்பத்தின் மேல்பகுதியிலேயே காலமானவர் என்று குறிக்கப்பட்டிருந்தார். சித்தப்பாவும் தன்னை மறந்து எட்டிப் பார்த்தார். "இவரு நம்ம பலசரக்குக் கடை அண்ணாச்சில்லா? அந்தப் பிள்ளைக்கும் இவருக்கும் என்ன உறவு?"

"உறவு என்ன, அந்தக் கடைக்கு மேல்தான் குடியிருக்காவ. இங்கிலீசுல கையெழுத்துப் போடுவாரு" என்றார் அண்ணாச்சி, சங்கடத்தோடு.

ஓர் அம்மாவின் பெயர்கூட இல்லை. எந்த விதியும் இல்லாமல், எவரும் சொல்லாமல், நாங்களே எல்லா மேசைகளிலும் உட்கார்ந்து இதை எழுதியிருந்தோம். அடுத்தவர் தாள்களை இப்படிப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறோமே என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல்வர் அம்மா சான்றிதழை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "தாயாரைக் கேட்காமல் இதில் கையெழுத்துப் போட முடியாது. மத்தியானம் வரை பொறுங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்கதானே ஆரம்பித்தது? நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சைக்கிள் ரிக்ஷாவில் போனேன். பிலோமினா முன்னறையில் வலையை மடியில் போட்டுக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். ரெஜினா உள்ளே கதவோரம் நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"இப்ப எதுக்கு நான்? மொதல்ல நான்தான வந்தேன். ஆம்பளைய வரலியான்னு கேட்டது நீங்கதான?"

"நான்தான். தப்புதான்" என்றேன்.

"எங்க வீட்டு நாற்காலியத் தூக்கிக் காலேஜ்ல போட்டது ஆரு?"

"அதுவும் நான்தான்."

"நான் எந்திரிச்சு நிக்கேன், உக்காருதேன், அது எனக்கும் எங்க கொழுந்தனாருக்கும் உள்ள சங்கதி. ரெஜினா அப்பா தோணிக்குப் போயிட்டா, காய்ச்சலு கண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடுத மனுசன் அவருதான். எந்திரிச்சு நின்னா என் காலு தேஞ்சா போவுது? நீங்க பாட்டுக்கு வாசிச்சிட்டிய. இனி அவரு எங்க வீட்டுப் படி ஏறுவாரா?"

இதையும் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த அம்மாவுக்காக நான் கோபப்பட்டேன் என்று நினைத்திருந்தேன். அவரோ நான் எதைக் கெடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க வரலன்னா இன்னைக்கே அவளுக்கு டி.சி. குடுத்துருவாங்க" என்றேன்.

அவர் முடிச்சை முடித்து, வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்தார். "ஏளா, நீயும் வா" என்றார் மகளிடம். ரிக்ஷாவில் அவர்கள் இருவரும் ஏறிக்கொண்டார்கள். நான் பின்னால் நடந்தேன்.

முதல்வர் அறையில் பிலோமினா கொழுந்தனிடம்தான் முதலில் பேசினார். குரல் உயரவில்லை. "பிள்ள எழுதினது தப்பு, அத ஊருக்குக் கேக்க வாசிச்சது அதவிடப் பெரிய தப்பு. ஒங்களுக்குத் தலகுனிவுதான், எனக்குத் தெரியும். வீட்டுக்கு வாங்க, ஒங்க முன்னால அவளக் கண்டிக்கேன். ஆனா நீங்க கையெழுத்துப் போட்டது நான் கூப்பிட்டு. கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டேன், பிள்ளையத் தூக்கித் தரல."

"அண்ணன் வரட்டும், மதினி. அவரு சொல்லட்டும்."

"வரட்டும். அவரு வார வரைக்கும் அவ படிக்கட்டும். போன தடவ புயல்ல தோணி பிந்துனப்ப, மொதலாளி வீட்டு வாசல்ல பத்து நாளு நின்னு சேதி கேட்டது ஆரு? நீங்க வேலைக்குப் போயிட்டிய. நான்தான் நின்னேன். அங்க ஒருத்தரும் ஆம்பள வரலியான்னு கேக்கல."

முதல்வர் அம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பிலோமினாவிடம் நீட்டினார். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ரெஜினாவைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்லுகிறாய்?" என்று கேட்டார்.

எல்லாரும் திரும்பினோம். அந்தப் பிள்ளை அறைக்குள் இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

"நான் படிக்கணும். ஆனா 'பி' பிரிவுல போடுங்க" என்றாள் ரெஜினா. அந்தப் பிரிவுக்கு நான் பாடம் எடுக்கவில்லை.

அண்ணாச்சி பழைய தாளை அடித்து, புதுத் தாளைக் கோத்தார். பிலோமினா தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா சான்றிதழைத் திரும்பக் கேட்கவில்லை. வெளியே போகும்போது என்னைப் பார்க்காமல், "அந்தப் பேரு மட்டும் போவாது, டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகவும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் முதல் சேர்க்கை மேசையில் நாங்கள் கேட்கும் கேள்வி மாறியது. யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்களோ அவர்களிடம் பேனாவைக் கொடுத்தோம். அண்ணாச்சி அதை ஒரு சுற்றறிக்கையாகவே அடித்து ஒட்டினார், விதி என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. இதைத்தான் என் விழாவில் சாதனை என்று சொன்னார்கள்.

எனக்கு மனதில் நிற்பது அது அல்ல. நாளைக்கு நீங்களும் ஒரு கேள்வித்தாளோடு ஏதாவது தெருவுக்குப் போவீர்கள். பெண்கள் உங்களிடம் சொல்வார்கள். கேட்க ஆளில்லாமல் இருந்தவர்கள் அவர்கள், நிறையவே சொல்வார்கள். அதில் அற்புதமான ஒரு வரி கிடைக்கும். அதை உடனே நாலு பேருக்குச் சொல்ல நாக்கு துடிக்கும். அந்த நேரத்தில் ரெஜினாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வருஷம் முழுக்க வராந்தாவில் எதிர்ப்பட்டால் எல்லா ஆசிரியருக்கும் சொல்வதுபோல எனக்கும் "குட் மார்னிங் மிஸ்" சொல்லிவிட்டுப் போவாள். பரீட்சை முடிந்த கடைசி நாள், நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவளை நிறுத்தினேன். "நான் அதை வகுப்பில் வாசித்திருக்கக் கூடாது, ரெஜினா. என்னை மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நீங்க வாசிக்கையில நல்லாத்தான் இருந்துச்சு, டீச்சர். நானா எழுதினேன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா வாசிக்கட்டுமான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே நீங்க. டி.சி. வாங்கட்டுமான்னு சித்தப்பாவும் கேக்கல."

புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குள் போனாள்.